இளஞ்சிவப்பு யானைகள்

டம்போ முதல் தடவை பறந்ததை யாரும் பார்க்கவில்லை. டம்போவும் பார்க்கவில்லை. 1941ல் வெளியான வால்ட் டிஸ்னியின் அந்தப் படத்தில், காது பெருத்த சர்க்கஸ் யானைக்குட்டி தெரியாமல் குடித்துவிட்டுத் தள்ளாடுகிற இரவுக்கும், மறுநாள் விடிகாலை ஒரு மரத்தின் உச்சிக்கிளையில் கண்விழிப்பதற்கும் இடையில் எங்கோ அது பறந்திருக்கிறது. கதையின் ஒரே அற்புதம் அதுதான். அதைப் படம் நமக்குக் காட்டவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் ஏறத்தாழ ஐந்து நிமிஷத்துக்கு இளஞ்சிவப்பு யானைகள் ஊர்வலம் போகின்றன.

இவ்வளவு வெளிப்படையான ஒன்றைக் கவனிக்க எனக்குப் பல வருஷங்கள் ஆகியிருக்கின்றன. கவனித்தது கூட ஒரு சண்டையின் விளைவாகத்தான். நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற மாடியறையில், பழைய கைச்சித்திர அனிமேஷன் படங்களில் வரும் ஸர்ரியல் பகுதிகள் பின்னால் வந்த கலைஞர்களுக்கு எப்படி ஊற்றுக்கண்ணாக இருந்தன என்று நான் சற்று உற்சாகமாகவே பேசிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த கவிஞ நண்பர் ஒருவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "குழந்தைங்க படத்துல நடுவுல அஞ்சு நிமிஷம் கிறுக்குப் பிடிச்சா அது ஸர்ரியலிஸம் ஆயிடுமா? அதைப் பாத்து அடுத்தவனுக்கும் கிறுக்குப் பிடிச்சா அதுக்குப் பேர் பாதிப்பா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வியில் இருந்த விஷம் என் மேலும் கொஞ்சம் பட்டது என்பதை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபத்தைந்து வயதில் நான் எழுதிய கவிதைகளில் கடிகாரத்துக்கு மீசை முளைத்தது, படிக்கட்டுகள் அழுதன. ஏன் அழுதன என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவற்றை நிறுத்திவிட்டு விமர்சனம் பக்கம் ஒதுங்கியவன் நான். ஆகவே இந்தக் கட்டுரை யானைகளைப் பற்றியது மட்டுமல்ல.

முதலில் அந்த ஐந்து நிமிஷத்தைப் பார்த்துவிடலாம். தண்ணீர்த் தொட்டியில் ஷாம்பேன் விழுந்திருப்பது தெரியாமல் டம்போவும் அதன் சிநேகிதனான சுண்டெலியும் குடிக்கிறார்கள். டம்போ தும்பிக்கையால் குமிழி ஊதுகிறது. சதுரமாக ஒன்று ஊதேன் என்று எலி கேட்க, சதுரக் குமிழி வருகிறது. இந்தச் சதுரக் குமிழியில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி. பௌதிக விதி அங்கே மீறப்படுகிறது, ஆனால் சத்தமில்லாமல், ஒரு விளையாட்டுப் பேச்சுக்குக் கட்டுப்பட்டு. அப்புறம் ஒரு பெரிய குமிழி யானையாகிறது. அந்த யானை தன் தும்பிக்கையிலிருந்து இன்னொரு யானையை ஊதுகிறது. நாலு யானைகள். தும்பிக்கைகள் ஊதுகொம்புகள் ஆகின்றன. திரையின் நாலு ஓரங்களையும் பாதையாக வைத்துக்கொண்டு யானைகள் அணிவகுத்துச் சுற்றி வருகின்றன. அதாவது, நாம் படம் பார்க்கும் சட்டமே அவற்றுக்குத் தரையாகிவிடுகிறது. உடல் முழுவதும் யானைத் தலைகளாலேயே ஆன ஒரு யானை நம்மை நோக்கி நடந்து வருகிறது. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்புக் குழிகள். ஒட்டகம் பாம்பாகிறது, பாம்பு நாட்டியக்காரியாகிறது, எல்லாம் கரைந்து ஒரு பெரிய கண் மட்டும் நிற்கிறது. பனிச்சறுக்கு ஆடும் ஜோடி, மின்னலைப் பிடித்துச் சுழற்றும் ஜோடி. கடைசியில் யானைகளே கார்களும் ரயில்களும் படகுகளுமாகி, வேகம் ஏறி ஏறி வெடிக்கின்றன. வெடித்த துண்டுகள் சின்ன யானைகளாக மிதந்து இறங்கி, விடிகாலை வானத்தில் இளஞ்சிவப்பு மேகங்களாகத் தங்கிவிடுகின்றன. மேகங்களுக்கு நடுவே மரம். மரத்தில் டம்போ.

பின்புலம் பெரும்பாலும் வெறும் கறுப்பு. படம் பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், சிக்கனமாக எடுக்கப்பட்டது. 1940ல் வந்த 'பினோக்கியோ', 'ஃபன்டேஸியா' இரண்டும் ஐரோப்பிய யுத்தத்தால் சந்தையை இழந்து கையைக் கடித்திருந்தன. அந்தச் சிக்கனமும் இந்தக் கறுப்புக்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். டிஸ்னியின் மற்றப் படங்களில் ஒவ்வொரு இலைக்கும் நிழல் விழும். அந்த நிழல்கள் கோட்டைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். இங்கே கோட்டுக்கும் வண்ணத்துக்கும் பதில் சொல்லவேண்டிய இடம் எதுவும் இல்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. வவுச்சர் இல்லாமல் ஒரு பைசா வெளியே போகாது என்பதுதான் எங்கள் வேதம். டிஸ்னி ஸ்தாபனத்தின் கலையையும் இந்த வேதத்தைக் கொண்டே புரிந்துகொள்ள முடிகிறது. அங்கே பிரமை வேண்டுமென்றால் வவுச்சர் வேண்டும்: குடித்திருந்தான், அல்லது கனவு கண்டான். குடித்தவன் கண்ணுக்கு இளஞ்சிவப்பு யானை தெரியும் என்பது அமெரிக்கப் பேச்சுவழக்கில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஜாக் லண்டன் 1913ல் குடியைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே அது வருகிறது. ஆக, வவுச்சர் கூடப் புதிதல்ல, பழைய நகைச்சுவை. நண்பரின் குற்றச்சாட்டு இந்த இடத்தில் பலமானது. வாசலில் காரணத்தை எழுதி ஒட்டிவிட்டு உள்ளே ஆடும் கிறுக்குக்கு ஸர்ரியலிஸம் என்று பெயர் கொடுத்தால், கனவையும் விழிப்பையும் ஒன்றாக்க வேண்டும் என்று 1924ல் பிரகடனம் எழுதிய ப்ரெதோனுக்கு அது அவமானம்.

ஆனால் வவுச்சரே இல்லாத ஒரு காலம் இருந்தது. 1908ல் பாரிஸில் எமில் கோல் செய்த 'ஃபன்டாஸ்மகோரி'யை எடுத்துக்கொள்ளலாம். எழுநூறு சித்திரங்கள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை படமாக்கப்பட்டு, மொத்தம் இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. வெள்ளைத் தாளில் கறுப்பு மசியால் வரைந்து நெகட்டிவாக அச்சிட்டதால் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் வரைந்தது போலிருக்கும். ஒரு குச்சிக் கோமாளி. ஒரு பாட்டில் பூவாகிறது. எவனும் குடிக்கவில்லை, எவனும் தூங்கவில்லை. பாட்டில் பூவாவதற்குக் காரணம், கோடு அந்த வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது பூவாக முடிந்தது என்பதுதான். கோல் 1880களில் பாரிஸிலிருந்த 'இன்கொஹெரான்' என்ற கூட்டத்தைச் சேர்ந்தவர். ஓவியக் கூடங்களின் கௌரவத்தைக் கேலி செய்வதையே கலையாகக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். ப்ரெதோனின் பிரகடனத்துக்குப் பதினாறு வருஷம் முன்னால் இந்தக் கோமாளி உருமாறிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

இந்த வழியில் வந்தவர்கள் நியூயார்க்கிலிருந்த ஃப்ளைஷர் சகோதரர்கள். 1930க்கும் 1934க்கும் இடையில், ஒழுக்க விதிகள் அமெரிக்கப் படங்களின் கழுத்தை நெரிப்பதற்கு முன்னால், அவர்கள் எடுத்த பெட்டி பூப் படங்களில் நாற்காலிக்கும் சுவருக்கும் உயிர் இருப்பது விசேஷமே அல்ல. யாரும் அதைக் கண்டு ஆச்சரியப்படுவதுமில்லை. 1933ன் 'ஸ்நோ ஒயிட்' ஏழு நிமிஷப் படம். பெரும்பகுதியை ரோலண்ட் க்ராண்டல் என்ற ஒரே மனிதர் வரைந்தார். இதே கதையை டிஸ்னி முழுநீளமாக எடுத்தது 1937ல்தான். ஃப்ளைஷரின் படத்தில் ஒரு பனிக்குகைக்குள் கோகோ என்ற கோமாளி நீண்ட கால்களுடைய வெள்ளைப் பேயாக மாறி ஒரு சாவுப் பாட்டைப் பாடிக்கொண்டு நடக்கிறது. பாட்டில் தங்கக் காசு வரும்போது பேயே சங்கிலியில் தொங்கும் காசாகிறது. மது வரும்போது பேயே பாட்டிலாகித் தன்னைத்தானே ஊற்றிக்கொள்கிறது. குகைச் சுவரெல்லாம் எலும்புக்கூடுகள், சூதாட்டக்காரர்கள். சொல் உடலாகும் இந்த வேகத்தைக் கவிதையில் கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேயின் நடை யாருடையது? காப் காலோவே என்ற கறுப்பினப் பாடகருடையது. குரலும் அவருடையதே. அவர் ஆடுவதைப் படமெடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக அதன்மேல் தாள் வைத்து வரைந்தார்கள். மாக்ஸ் ஃப்ளைஷர் 1915 வாக்கில் கண்டுபிடித்த ரோட்டோஸ்கோப் என்ற சாதனம் அதற்குத்தான். 1932ன் 'மின்னி த மூச்சர்' படத்தில் தொடக்கத்தில் காலோவே நிஜ உருவத்தில் தன் குழுவுடன் தோன்றுகிறார். 'ஸ்நோ ஒயிட்'டில் அதுவும் இல்லை. ஒரு மனிதனின் தோள்பட்டை, இடுப்பு, பின்னோக்கி வழுக்குகிற பாதம் எல்லாம் ஒரு வெள்ளைப் பேய்க்குள் போய்விட்டன. அந்த நடையை நாம் அமானுஷ்யம் என்று ரசிக்கிறோம். அது அமானுஷ்யமாக இருப்பதற்குக் காரணம், அதற்குள் ஒரு நிஜ மனுஷ உடல் இருந்துகொண்டு, வரைந்த உடலுக்கு அடங்காமல் திமிறுவதுதான். ஸர்ரியலிஸம் ஆழ்மனதிலிருந்து வந்தது என்று சொல்லி முடித்துக்கொண்டால் இந்தக் கணக்கு விட்டுப்போகும். சில சமயம் அது பக்கத்துத் தெரு நடனக் கூடத்திலிருந்து வந்தது.

ஃப்ளைஷரிலிருந்து டிஸ்னிக்கு ஒரு பாலம் உண்டு. இளஞ்சிவப்பு யானைகளை வரைந்தவர்களில் ஒருவரான ஹிக்ஸ் லோக்கி அதற்கு முன்பு ஃப்ளைஷர் ஸ்டூடியோவில் பெட்டி பூப் படங்களுக்கு வரைந்தவர். ஹோவர்ட் ஸ்விஃப்ட் இன்னொருவர். பகுதியை நெறிப்படுத்தியவர் நார்மன் ஃபெர்குஸன். டிஸ்னியின் கறாரான வீட்டுக்குள் நியூயார்க்கின் பழைய கிறுக்கு பின்வாசல் வழியாக வந்திருக்கிறது. பாதிப்பு என்று நாம் பெரிதாகப் பேசுவது பல சமயம் இப்படி ஒரு ஆள் வேலை மாறி வந்த விவகாரமாக இருக்கிறது.

மேற்குக் கரையில் இன்னொருவர் இருந்தார். வார்னர் ஸ்டூடியோவின் பாப் க்ளாம்பெட். 1938ல் அவர் செய்த 'போர்க்கி இன் வாக்கிலாண்ட்' வவுச்சர் கேட்காத படம். போர்க்கி பன்றி கடைசி டோடோப் பறவையைத் தேடி விமானத்தில் போகிறது, கிறுக்கு நாடு வந்துவிடுகிறது, இறங்குகிறது, அவ்வளவுதான். (அந்த நாட்டை ஆப்பிரிக்காவின் இருளில் கொண்டுபோய் வைத்தது அந்தக் காலத்து வெள்ளைக்காரப் புத்தி.) டோடோ வெறும் காற்றில் பென்சிலால் ஒரு கதவு வரைகிறது. கதவைத் திறப்பதில்லை. அதன் அடிப்பக்கத்தைத் திரைச்சீலை மாதிரித் தூக்கி உள்ளே நுழைந்துவிடுகிறது. பின்னால் வந்த போர்க்கி கதவில் மோதிக்கொள்கிறது. அதே படத்தை 1949ல் ஃப்ரிஸ் ஃப்ரெலெங் வண்ணத்தில் மறுபடி எடுத்தபோது பின்புலத்தில் டாலியின் ஓவியங்களைப் போன்ற நிலக்காட்சிகளைப் போட்டார்கள். முதல் படத்தில் கிறுக்கு அசைவில் இருந்தது. இரண்டாவதில் சுவரில் மாட்டியிருக்கிறது. இடையில் ஸர்ரியலிஸம் என்ற சொல் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. நம்மிடையேயும் சொல் வந்தபிறகு மாட்டப்பட்ட படங்கள் கொஞ்சமல்ல. என் கடிகார மீசையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டாலியையே டிஸ்னி கூட்டிவந்த கதையும் உண்டு. டாலி 1937லேயே ப்ரெதோனுக்கு எழுதிய கடிதத்தில் அமெரிக்காவின் ஸர்ரியலிஸ்டுகள் என்று மார்க்ஸ் சகோதரர்களோடு டிஸ்னியையும் சேர்த்துச் சொன்னவர். 1945-46ல் அவரும் டிஸ்னி கலைஞர் ஜான் ஹென்ச்சும் 'டெஸ்டினோ' என்ற குறும்படத்துக்காகச் சித்திரங்களும் ஓவியங்களுமாகக் குவித்தார்கள். பணமுடையால் திட்டம் நின்றது. இருபது வினாடி கூட இல்லாத ஒரு சோதனைத் துண்டுதான் மிஞ்சியது. பிறகு டொமினிக் மோன்ஃபெரி அதை 2003ல் முடித்தார். அரை நூற்றாண்டு காத்திருந்து கிடைத்த அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம். எல்லாம் அழகு. எறும்புகள் சைக்கிள்காரர்கள் ஆகிறார்கள், இரண்டு ஆமைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் நாட்டியப் பெண்ணாகிறது. ஆனால் ஒரு ஓவியத்திலிருந்து இன்னொரு ஓவியத்துக்கு வழிகாட்டியோடு நடந்துபோவது மாதிரி இருக்கிறது. ஓவியன் முடித்துவிட்ட படிமத்தை அசைக்கும்போது, அசைவிலேயே பிறந்த படிமத்தின் அவசரம் அதற்குக் கிடைப்பதில்லை. சர்க்கஸ் யானைகளை வரைந்த சம்பளக்காரர்கள் டாலியை விட இந்த ஊடகத்தின் ரகசியத்தை அறிந்திருந்தார்கள் என்று சொன்னால் நண்பர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

ரகசியம் என்ன என்பதை ஐஸன்ஸ்டைன் ஓரளவு பிடித்துவிட்டார். 1940களின் தொடக்கத்தில் டிஸ்னியைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகளில், எந்த உருவமும் எந்த உருவமாகவும் ஆகலாம் என்ற உயிர்க்கூழ் நிலையைப் பற்றிப் பேசுகிறார். நாளெல்லாம் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்ட வேலையில் நசுங்கும் மனிதனுக்கு அந்தத் தளர்ச்சி ஒரு கணநேர விடுதலை என்பது அவர் வாதம். லெட்ஜரின் கட்டங்களுக்குள் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆட்சேபணை கிடையாது. ஆனால் அந்த விடுதலையை வரைந்து கொடுத்தவர்களும் கட்டங்களுக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள். 'டம்போ' தயாராகிக்கொண்டிருந்த 1941 மே மாதக் கடைசியில் டிஸ்னி ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர்ட் பாபிட் என்ற முன்னணிக் கலைஞரைத் தொழிற்சங்க வேலைக்காக நீக்கியதுதான் உடனடிக் காரணம். படத்தில் கோமாளிகள் கூடாரத்துக்குள் நிழலுருவங்களாக நின்று, முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கலாம் என்று ஆரவாரிக்கும் காட்சி வேலைநிறுத்தக்காரர்களைக் கேலி செய்வது என்று சொல்வதுண்டு. அதே படத்தில்தான் நம் யானைகளும். நான் சேர்ந்த புதிதில் இரண்டு நாள் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டேன். மூன்றாம் நாள் காலை மேஜையில் குவிந்துகிடந்த வவுச்சர்களைத் தீர்க்க இரவாகிவிட்டது. மாசக் கடைசியில் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். அதற்கப்புறம் அந்தக் கோமாளிக் காட்சியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சரி, வாரிசுகள். நேரடி வாரிசு டிஸ்னியின் வீட்டிலேயே பிறந்தது. 1968ல் வந்த பூ கரடிக் குறும்படத்தில் ஹெஃபலம்புகளும் ஊஸில்களும் வரும் கனவு. யானைகளின் அணிவகுப்பு, உருமாற்றம், வண்ணக் கோடுகள், பாட்டு எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன. குழந்தைகளுக்கு அது பிடிக்கிறது; எனக்கும் பிடிக்கும். ஆனால் தேனைத் திருடும் பிராணிகள் வரும் என்று புலி சொல்லிவைத்திருக்கிறது, அவை கனவில் வருகின்றன. கனவு கலையும்போது வெளியே பெய்யும் மழை அறைக்குள் வந்திருக்கிறது. அந்த வெள்ளத்தைக் கனவு கொண்டுவரவில்லை. கனவு இல்லாவிட்டாலும் வந்திருக்கும்.

டம்போவின் யானைகள் அப்படியல்ல என்பதுதான் நான் இவ்வளவு சுற்றிவந்து நண்பருக்குச் சொல்ல விரும்பியது. வவுச்சர் வைத்து ஆரம்பித்தது உண்மை. ஆனால் காலையில் கணக்கு ஒத்துவரவில்லை. குடித்தவன் கண்ட பொய் என்று தள்ளிவிட்டிருக்கலாம், அது மரத்தின் மேல் உட்கார்ந்திருக்காவிட்டால். அந்தப் பிரமையின்போது, பிரமைக்கு அடியில், நிஜமாகவே ஒன்று நடந்துவிட்டது. தாயைப் பிரித்துச் சிறையில் அடைத்த பிறகு, கோமாளிகளின் வாளிக்குள் விழுவதைத் தவிர வேறு எதற்கும் லாயக்கில்லை என்று முடிவு கட்டப்பட்ட ஒரு பிராணி, படம் முழுவதும் ஒரு வார்த்தை பேசாத பிராணி, தனக்குத் தெரியாமல் பறந்திருக்கிறது. படத்துக்கு அதைக் காட்டத் துணிச்சல் இல்லையா, அல்லது காட்டக் கூடாது என்று தெரிந்திருந்ததா? இரண்டாவதென்றே நினைக்கிறேன். அந்தக் கண்ணில்லாத யானைகள்தான் அந்தப் பறத்தலுக்குக் கிடைத்த ஒரே உருவம். அதனால்தான் அவை பயமூட்டுகின்றன. வெறும் குடிமயக்கத்துக்கு அவ்வளவு பயம் தேவையில்லை.

2019ல் டிம் பர்ட்டன் நிஜ நடிகர்களைக் கொண்டு 'டம்போ'வை மறுபடி எடுத்தார். அதில் இளஞ்சிவப்பு யானைகள் ஒரு பிரம்மாண்ட கேளிக்கைப் பூங்காவின் மேடையில் சோப்புக் குமிழிகளாக வருகின்றன. டம்போ குடிக்கவில்லை, ஓரத்தில் நின்று தலையாட்டி ரசிக்கிறது. ஏற்கெனவே அதற்குப் பறக்கத் தெரியும். யானைகள் இனி எதையும் மறைக்கவில்லை, எதையும் நடத்திவைக்கவும் இல்லை. டிக்கெட்டுக்கான நிகழ்ச்சியாகிவிட்டன. பர்ட்டன் இதை அறிந்தே கசப்போடு செய்தார் என்று வாதிட இடமிருக்கிறது. படம் பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மற்றவர்களைப் பற்றி வேகமாகவே சொல்லலாம். 1968ன் 'யெல்லோ ஸப்மரீன்' படத்தில் ஹைன்ஸ் எடெல்மான் வடிவமைத்த உலகத்தில் ஒரு உறிஞ்சும் பூதம் கண்ணில்பட்ட பிராணிகளை, பிறகு படத்தின் பின்புலத்தை, கடைசியில் தன்னையே உறிஞ்சிக்கொண்டு மறைகிறது. கோலின் கோமாளி பார்த்தால் எழுந்து நின்று வணங்குவான். 2003ல், 'டெஸ்டினோ' வந்த அதே வருஷம், ஸில்வென் ஷோமே 'பெல்வில் மும்மணிகள்' எடுத்தார். தொடக்கத்தில் 1930களின் கார்ட்டூன் ஒன்று ஓடுவதாக ஒரு பகுதி. ஃப்ரெட் அஸ்டேரின் சொந்தச் சப்பாத்துகளே அவரைக் கடித்துத் தின்கின்றன. ஜோஸஃபின் பேக்கரின் வாழைப்பழப் பாவாடைக்காக அரங்கத்துக் கனவான்கள் குரங்குகளாகிப் பாய்கிறார்கள். ஷோமே பழைய கோட்டை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கோட்டுக்குள் யார் யாரைத் தின்றார்கள் என்பதையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். காலோவேயின் நடையைப் பற்றி நான் மேலே கேட்ட கேள்விக்கு அருகில் வருபவர் அவர்தான். பேக்கரின் உருவத்தை வரைந்ததில் பழைய கேலிச்சித்திரத்தின் குரூரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை.

ஊர்வலம் என்றால் ஜப்பானை விட முடியாது. ஸதோஷி கோன் 2006ல் எடுத்த 'பாப்ரிக்கா'வில் குளிர்பதனப் பெட்டிகளும் பொம்மைகளும் தவளைகளும் வாத்தியங்களோடு அணிவகுத்து வருகின்றன. வவுச்சர் அங்கேயும் உண்டு: பிறர் கனவுக்குள் நுழையும் ஒரு கருவி. ஆனால் விழித்திருக்கும் ஒரு மரியாதைக்குரிய விஞ்ஞானி பேச்சின் நடுவே உளற ஆரம்பித்து, உளறிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பாய்கிற இடத்தில் வவுச்சர் கிழிந்துவிடுகிறது. படிமத்துக்கு முன்னால் வாக்கியம் உடைகிறது. இலக்கணம் நிற்கிறது, அர்த்தம் போய்விடுகிறது. பிறகு ஊர்வலம் நிஜ நகரத்தின் தெருவுக்கே வந்துவிடுகிறது. திரும்பிப்போக மரமும் இல்லை, விடிகாலை மேகமும் இல்லை. கோனின் யானைகள் டிஸ்னியிடமிருந்து வந்தன என்று வம்சாவளி எழுத நான் முற்படவில்லை. நூறு பேய்களின் இரவு ஊர்வலம் என்பது அந்த நாட்டின் பழைய ஓவியச் சுருள்களிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒன்று, உள்ளே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஊர்வலத்தின் கடைசி வரிசையில் வந்து சேர்ந்துகொண்டால்தான் நிலைக்கும்போலிருக்கிறது.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் படம் இஸாவோ தகஹதா 1994ல் எடுத்த 'போம் போகோ'. டோக்கியோவுக்கு மேற்கே டாமா குன்றுகளை வெட்டி வீடுகள் கட்டுகிறார்கள். காட்டை இழக்கும் தனுகி என்ற பிராணிகளுக்கு உருமாறும் வித்தை தெரியும். வித்தையெல்லாம் திரட்டி ஒரு இரவு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே பேய் ஊர்வலம் நடத்துகின்றன. மனிதர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்பது கணக்கு. கைச்சித்திர அனிமேஷனில் இவ்வளவு தாராளமான உருமாற்றம் யானைகளுக்குப் பிறகு நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. மனிதர்கள் பால்கனியில் நின்று கைதட்டுகிறார்கள். குழந்தைகள் குதூகலிக்கின்றன. வித்தையில் சக்தியெல்லாம் செலவழிந்து முதிய தனுகி ஒருவர் செத்துப்போகிறார். மறுநாள் ஒரு கேளிக்கைப் பூங்கா முதலாளி, அது எங்கள் விளம்பர ஊர்வலம் என்று அறிவித்துவிடுகிறான். எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

தகஹதா யாரை நினைத்துக்கொண்டு அந்த முதலாளியை வரைந்தார் என்பது எனக்குத் தேவையில்லை. உயிரைக் கொடுத்து ஆடியது ஒரு கூட்டம், பெயர் வாங்கியது ஒரு பூங்கா. 'டம்போ'வின் யானைகளைப் பற்றிப் பேசும்போது நாம் டிஸ்னியின் யானைகள் என்றுதானே சொல்கிறோம்? இந்தக் கட்டுரையிலேயே நான் எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். 'போம் போகோ' ஊர்வலத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பேசாமல் பார்த்தார். முடிந்ததும், "அந்தக் கிழவன் செத்த எடத்தை இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டேன். பிறகு ஃப்ளைஷரின் பனிக்குகையையும் போடச் சொன்னார். பேய் பாட்டிலாகும் இடத்தில் நிறுத்தி, அதற்கு முந்தின நடையை மட்டும் மூன்று தடவை பார்த்தார். பாதிப்பு பற்றிய தன் கேள்வியை அவர் வாபஸ் வாங்கவில்லை. நானும் வாங்கும்படி கேட்கவில்லை. மணி ஒன்பதரை ஆகியிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு அவர் ஓடவேண்டியிருந்தது.